நாய்க்கு ஆபரேஷன், யார் செலவில்?

ஒரு வீட்டுப் பெட்டை நாய் ஆறு குட்டி ஈனுகிறது. ஆண் குட்டிகள் இரண்டையும் அக்கம்பக்கத்தார் ஆசையாக எடுத்துப்போகிறார்கள். மிச்சம் நான்கும் பெட்டை. அவற்றைக் கேட்டு யாரும் வருவதில்லை. சந்தை ஓரத்திலும் கோயில் வாசலிலும் சாக்குப்பைக்குள் முனகிக் கிடக்கும் குட்டிகளில் பல இப்படி வந்தவைதான். தாய்க்கு முன்கூட்டியே ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அவை பிறந்தேயிருக்காது. ‘நாய்க்குக் குடும்பக்கட்டுப்பாடு’ என்றோ வெறுமனே ‘ஆபரேஷன்’ என்றோ மக்கள் அதைச் சொல்கிறார்கள். தனியார் கால்நடை மருத்துவரிடம் அதற்கு ஆகும் தொகை, கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்குப் பல நாள் வருமானம். அந்தச் செலவு வளர்க்கிறவரின் தலையிலா, ஊரின் தலையிலா?

இந்தக் கேள்விக்கு வயது குறைந்தது அரை நூற்றாண்டு. நகராட்சி மன்றங்கள், கால்நடை மருத்துவர் சங்கங்கள், விலங்கு நல அமைப்புகள், பொருளியலாளர்கள், நீதிமன்றங்கள் என்று பலரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒவ்வொன்றும் எந்தச் சூழ்நிலையில் பிறந்தது, எங்கே வலுவிழக்கிறது என்று பார்ப்பது இப்போது தமிழ்நாட்டுக்கும் அவசரமாகியிருக்கிறது.

கொல்வதற்குக் கொடுத்த பணம்

மனிதருக்கே போதாத வரிப்பணத்தை நாய் பூனைக்குச் செலவிடலாமா என்பது முதல் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அது ஒரு பழைய செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேண்டாத நாய்களுக்காகப் பொதுப்பணம் எப்போதும் செலவாகிக்கொண்டேதான் இருந்தது. அந்தச் செலவு கொல்வதற்கானது.

19-ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் பிடிபட்ட நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஈஸ்ட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். ஹென்றி பெர்க் 1866-இல் நிறுவிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1894-இல் அந்த நகரத்தின் நாய் பிடிக்கும் பொறுப்பை ஏற்றபிறகு முறை மாறியது. கொலை நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுதோறும் கொல்லப்பட்ட நாய்களும் பூனைகளும் ஒரு கோடிக்கு மேல் என்பது அன்றைய மதிப்பீடு.

சென்னையின் வரலாறும் வேறு மாதிரி இல்லை. இங்கே மாநகராட்சி 1860 முதலே தெருநாய்களைக் கொன்றுவந்தது என்று ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. 1990-களின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாகவும் அந்தப் பதிவு சொல்கிறது. நாய் வண்டி, பிடிக்கும் ஆள், மின்சாரம், புதைக்கும் இடம் எல்லாமே வரிப்பணம். அத்தனை செய்தும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. சின்னி கிருஷ்ணா உள்ளிட்ட ப்ளூ கிராஸ் முன்னோடிகள் 1960-களிலேயே கேட்ட கேள்வி இதுதான்: நூறாண்டாகப் பலன் தராத செலவை ஏன் தொடர வேண்டும்?

எனவே, ‘பொதுப்பணம் செலவிடலாமா கூடாதா’ என்று பிரச்சினையை வைப்பது சரியாகாது. பிறந்தபின் கொல்வதற்கா, பிறக்காமல் தடுப்பதற்கா என்பதே ஆரம்பத்திலிருந்து இருந்த தேர்வு.

லாஸ் ஏஞ்சலிஸ், 1971

குறைந்த கட்டணக் கருத்தடையை முதலில் கையிலெடுத்தவை அரசுகள் அல்ல. 1957-இல் நியூயார்க்கில் ஆலிஸ் ஹெரிங்டன் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் அனிமல்ஸ்’ அமைப்பு, தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களிடம் சலுகை விலையில் அறுவை செய்துகொள்ளச் சீட்டு வழங்கியது. நகராட்சியே சொந்தமாக மருந்தகம் திறந்து, மருத்துவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, குறைந்த கட்டணத்தில் அறுவை செய்தது 1971-இல், லாஸ் ஏஞ்சலிஸில். அமெரிக்காவின் முதல் முயற்சியாக அது பரவலாக எண்ணப்படுகிறது. கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் குறைவு, செய்யாத நாய்க்கு அதிகம் என்ற ஏற்பாடும் அதோடு சேர்ந்தது. சட்டம், கல்வி, கருத்தடை என்ற மூன்றையும் ஒன்றாகக் கட்டிய முழக்கம் அந்தப் பத்தாண்டில் நாடெங்கும் பரவியது.

எதிர்ப்பு கால்நடை மருத்துவர் சங்கங்களிடமிருந்து வந்தது. அவர்களுடைய வாதங்கள் மூன்று. வரிப்பணத்தில் நடக்கும் மருந்தகம், வரி கட்டித் தொழில் நடத்துபவரோடு போட்டியிடுவது முறையல்ல. மலிவாகவும் வேகமாகவும் செய்தால் தரம் கெடும். வசதியுள்ளவர்களே வரிசையில் முந்திக்கொள்வார்கள். முழுக் கட்டணம் கொடுக்கக்கூடியவர் சலுகைக்கு மாறுவார், மொத்த எண்ணிக்கையோ ஏறாது.

தரம் குறித்த அச்சத்துக்குக் காலம் பெருமளவு பதில் சொல்லிவிட்டது. 1994-இல் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் தொடங்கிய ‘ஹ்யூமேன் அலையன்ஸ்’ போன்ற மையங்கள், ஒரே மருத்துவர் ஒரே நாளில் பல அறுவைகளைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையைச் செப்பம் செய்து மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தன. சிறு கீறல், குறைந்த மயக்க நேரம், ஒவ்வொருவருக்கும் வகுக்கப்பட்ட வேலை ஆகியவை சேர்ந்ததுதான் அந்த முறை. 2008-இல் காப்பக மருத்துவர்களின் சங்கம் அதற்கான நெறிமுறைகளையே வெளியிட்டது. வேகமும் கவனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இன்று தொழிலுக்குள்ளேயே ஏற்கப்பட்ட செய்தி.

மூன்றாவது வாதம்தான் கனமானது. 2007-இல் ஜோஷுவா ஃப்ராங்க், பமீலா கார்லைல்-ஃப்ராங்க் இருவரும் ‘எக்காலாஜிக்கல் எகனாமிக்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே சோதித்தது. சலுகைத் திட்டம் தனியார் மருத்துவரின் வாடிக்கையாளரை இழுத்துக்கொள்வதோடு நின்றுவிடவில்லை, மொத்த அறுவைகளின் எண்ணிக்கையும் கூடியது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனாலும் இடத்துக்கு இடம் இது மாறும். திட்டம் யாரைக் குறிவைக்கிறது என்பதைப் பொறுத்தே இடப்பெயர்வு எவ்வளவு என்பது அமையும்.

யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுப்பது

நியூ ஜெர்சி மாநிலம் 1983-இல் சட்டம் இயற்றி இதற்கென்று தனி நிதி உருவாக்கியது. கருத்தடை செய்யாத நாயின் உரிமத்தில் கூடுதல் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தில் அரசு உதவி பெறும் குடும்பங்களின் விலங்குகளுக்கும் காப்பகத்திலிருந்து தத்தெடுக்கப்பட்ட விலங்குகளுக்கும் மலிவாக அறுவை. பொது வரியில் கை வைக்கவில்லை. நாய் வளர்ப்பவர்கள் நாய் வளர்ப்பவர்களுக்கே கொடுக்கும் பணம் அது. ‘நாயே வளர்க்காதவர் ஏன் கொடுக்க வேண்டும்’ என்ற ஆட்சேபம் அங்கே எழ இடமில்லை.

பத்தாண்டு கழித்து நியூ ஹாம்ப்ஷயர் அதே வழியில் இன்னும் துல்லியமாக நடந்தது. 1994-இல் செயல்படத் தொடங்கிய திட்டம், நாய் உரிமம் ஒவ்வொன்றிலும் 2 டாலர் கூடுதலாக எடுத்தது. மாநிலம் மருந்தகம் கட்டவில்லை. தனியார் மருத்துவர்களே அறுவை செய்தார்கள், ஏழைக் குடும்பம் சிறு தொகை கொடுத்தது, மீதியை நிதி ஈடுகட்டியது. மருத்துவர்கள் எதிரிகளாக நிற்பதற்குப் பதில் பங்காளிகள் ஆனார்கள். அந்தத் திட்டத்துக்காக உழைத்த வழக்கறிஞர் பீட்டர் மார்ஷ் பிறகு எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது ஒரே கருத்து: எல்லாருக்கும் கொஞ்சம் சலுகை என்பதைவிட, கொடுக்கவே முடியாதவருக்கு முழுச் சலுகை என்பது பல மடங்கு பலன் தரும்.

அந்தக் கருத்துக்கு ஆதாரமாக நிற்கும் எண்கள் அழுத்தமானவை. அமெரிக்க வீடுகளில் உள்ள பூனைகளைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, ஆண்டு வருமானம் 35,000 டாலருக்குக் குறைந்த வீடுகளில் கருத்தடை ஆன பூனைகள் 51.4 சதவீதம். 75,000 டாலருக்கு மேல் உள்ள வீடுகளில் அது 96.2 சதவீதம். ‘அமெரிக்கப் பூனைகளில் 80 சதவீதத்துக்குக் கருத்தடை ஆகிவிட்டது’ என்ற சராசரிக்குள் இந்த இரண்டு உலகங்களும் மறைந்துகிடந்தன. ஏழை வீடுகளில் அக்கறை குறைவு என்று இதைப் படித்தால் தவறு. நடுத்தர வருமான வீடுகளுக்கு வந்தவுடனேயே விகிதம் 90-ஐத் தாண்டிவிடுகிறது. கையில் காசு வந்ததும் தாண்டப்படும் தடை, மனதில் இருந்த தடையாக இருக்க வாய்ப்பில்லை.

வேறு ஊற்றுகளையும் தேடியிருக்கிறார்கள். மேரிலாந்து 2013-இல் நாய் பூனை உணவு விற்கும் நிறுவனங்களின் பதிவுக் கட்டணத்தைக் கூட்டி அந்த நிதியில் மானியம் தருகிறது. டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்கள் சிறப்பு வாகன எண் பலகை விற்ற பணத்தை இதற்கு ஒதுக்குகின்றன. எண் பலகை வருமானம் விருப்பத்தைப் பொறுத்தது, ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கும். உரிமக் கட்டணத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு: உரிமமே எடுக்காதவர்கள் பெருவாரியாக இருக்கும் ஊரில் அதில் நிதி சேராது. பூனைக்கு உரிமம் கேட்காத ஊரில் நாய் வளர்ப்பவரின் பணத்தில் பூனைக்கு அறுவை நடக்கிறது என்ற மனக்குறையும் கிளம்பும்.

குறைந்தது எதனால்?

அமெரிக்கக் காப்பகங்களில் கொல்லப்படும் நாய் பூனைகளின் எண்ணிக்கை ஒரு கோடிக்கு மேல் என்ற நிலையிலிருந்து 2019-இல் சுமார் 9.2 லட்சமாக இறங்கியது என்று விலங்குவதைத் தடுப்புச் சங்கம் மதிப்பிட்டிருக்கிறது. விலங்கு நல வரலாற்றில் இவ்வளவு பெரிய வீழ்ச்சி அரிது. நியூ ஹாம்ப்ஷயரில் திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே காப்பகக் கொலைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கின. கருத்தடை நிதிக்கு ஆதரவானவர்கள் இந்த எண்களைத்தான் முன்வைக்கிறார்கள்.

ஐயப்படுவோரின் பக்கமும் வெறும் பிடிவாதம் அல்ல. அதே காலத்தில் வேறு பலவும் மாறின. நாயைக் கயிறில்லாமல் வெளியே விடக்கூடாது என்ற சட்டங்கள் இறுகின. வளர்ப்பு நாய்க்கு அறுவை செய்வது நடுத்தர வர்க்கத்தில் இயல்பான வழக்கமானது. தத்தெடுப்பு பெருகியது, காப்பகங்கள் நெரிசலான மாநிலங்களிலிருந்து வேறு மாநிலங்களுக்கு விலங்குகளை அனுப்பத் தொடங்கின. பெரிய மானியத் திட்டம் எதுவும் இல்லாத ஊர்களிலும் கோடு கீழே இறங்கியது. இவற்றில் எது எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்துச் சொல்ல, ஒத்த இரண்டு ஊர்களை எடுத்து ஒன்றில் மட்டும் திட்டத்தை நடத்திப் பல ஆண்டு அளந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட சோதனைகள் மிகச் சில.

இயற்கையே நடத்திய ஒரு சோதனை கோவிட் காலத்தில் வந்தது. மருந்தகங்கள் மூடப்பட்டு அறுவைகள் தள்ளிப்போயின. நாடு முழுவதும் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்ந்து 27 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் விடுபட்டிருக்கலாம் என்று ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்தார்கள். அதையடுத்துப் பல காப்பகங்கள் நிரம்பி வழிந்தன. வாடகை உயர்வு, மருத்துவச் செலவு உயர்வு ஆகியவையும் அதே நேரத்தில் நெருக்கியதால் இதையும் தனிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் நிதி, மருத்துவர் இரண்டில் ஒன்று தடைப்பட்டாலும் பழைய ஆதாயம் கரையக்கூடும் என்ற எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

இன்னொரு நுட்பம் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. அது வயது. பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது. அறுவைக்கு ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருந்தது நெடுநாள் வழக்கம். ‘ஒருமுறை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது’ என்ற நம்பிக்கை அமெரிக்காவிலும் இருந்தது, தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் இருக்கிறது. மருத்துவம் அதை ஆதரிக்கவில்லை. கடைசியில் அறுவை ஆகிவிடும் விலங்குகளிலேயே பல, அதற்குள் ஓர் ஈற்று ஈன்றுவிடுகின்றன. பத்து வயது நாய்க்கும் ஐந்து மாதக் குட்டிக்கும் ஒரே மானியம் கொடுக்கும் திட்டம், எத்தனை அறுவை என்ற கணக்கில் பெரிதாகத் தெரியும், எத்தனை பிறப்பு தடுக்கப்பட்டது என்ற கணக்கில் சிறுத்துவிடும்.

கட்டாயப்படுத்தினால்?

பணம் கொடுப்பதற்குப் பதில் சட்டம் போடலாம் என்பவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் மாவட்டம் 1990-களிலும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2008-இலும் கருத்தடையைக் கட்டாயமாக்கின. மாநிலம் முழுவதற்குமான மசோதா 2007-இல் முன்வைக்கப்பட்டுத் தோற்றது. லாஸ் ஏஞ்சலிஸின் அனுபவம் பாடம் நிறைந்தது: சட்டம் வந்த மறு ஆண்டே நிதி நெருக்கடியைச் சொல்லி நகரம் ஏழைகளுக்கான சலுகைக் கூப்பன்களைச் சில காலம் நிறுத்தியது. செய்தே ஆக வேண்டும் என்ற ஆணையும், செய்துகொள்ள வழியில்லாத நிலையும் ஒரே வீட்டில் சந்தித்தால், நாயை ஒளிப்பதோ காப்பகத்தில் விட்டுவிடுவதோதான் மிஞ்சும். கட்டாயம் பலித்த இடங்களில் எல்லாம் பின்னால் மலிவான மருந்தகம் இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கத்தியே வேண்டாம் என்பவர்கள்

இதுவரை சொன்ன எல்லாத் தரப்பும் கருத்தடை நல்லது என்பதை ஒப்புக்கொண்டுதான் பேசின. அந்த அடித்தளத்தையே கேட்பவர்களும் இருக்கிறார்கள். நார்வேயின் விலங்கு நலச் சட்டம், தக்க காரணமின்றி விலங்கின் உறுப்பை அகற்றக்கூடாது என்கிறது. சுவீடனில் 1988 வரை மருத்துவக் காரணமில்லாத கருத்தடைக்கு அனுமதியே இல்லை. அந்த நாடுகளின் தெருக்களில் நாய்கள் பெருகிக் கிடக்கவில்லை. நாய் ஒவ்வொன்றும் ஒருவரின் கயிற்றில், ஒருவரின் பெயரில் இருப்பதே அங்கே கட்டுப்பாடு.

மருத்துவத்திலிருந்தும் ஒரு தடை எழுந்தது. 2013-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழு 759 கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து, ஒரு வயதுக்குள் கருத்தடை ஆனவற்றில் சில மூட்டு நோய்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 2020-இல் அதே குழு 35 இனங்களைப் பார்த்தபோது படம் சிக்கலானது: பெரிய உடல்வாகுள்ள சில இனங்களில் ஆபத்து உண்டு, சிறு இனங்களில் பெரும்பாலும் இல்லை. மறுபக்கம், கருத்தடை செய்யாத பெட்டை நாய்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் சாதாரணம். சுவீடனின் காப்பீட்டுப் பதிவுகள் பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு அது வருவதைக் காட்டின.

இந்தத் தரப்பின் வாதம் மதிக்கத்தக்கது. ஆனால் அது நார்வேயின் வேலி, நார்வேயின் உரிமம், நார்வேயின் வருமானம் எல்லாவற்றையும் முன்நிபந்தனையாக எடுத்துக்கொள்கிறது. பகலில் வாசல்படியில் படுத்து, இரவில் தெருவைச் சுற்றிவரும் நாட்டு நாய்க்கு அந்த வாதத்தை அப்படியே பொருத்த முடியாது.

சென்னை போட்ட பாதை, விதி போட்ட கோடு

இந்தியாவில் கேள்வியின் உருவமே வேறு. அமெரிக்காவில் மானியம் வீட்டு விலங்குக்கு. இங்கே தெரு விலங்குக்கு. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் நிறுவிய ப்ளூ கிராஸ், 1964-இல் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையில் முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. 1990-களின் நடுவில் சென்னையும் ஜெய்ப்பூரும் அந்த வழியில் இறங்கின. ஜெய்ப்பூரில் ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ அமைப்பு 1994 முதல் 2002 வரை 24,986 நாய்களைக் கையாண்டது. பெட்டை நாய்களில் 65 சதவீதத்துக்குக் கருத்தடை ஆனது, தெருநாய்கள் 28 சதவீதம் குறைந்தன, திட்டப் பகுதியில் மனிதரின் வெறிநோய் இறப்பு இல்லாமற்போனது என்று 2006-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. 2001-இல் ஒன்றிய அரசின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன; 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

அந்த 2001 விதிகளில் ஒரு கோடு போடப்பட்டது. நாய்கள் இரண்டு வகை: வீட்டு நாய், தெருநாய். வீட்டு நாயின் இனப்பெருக்கக் கட்டுப்பாடு, தடுப்பூசி, கருத்தடை, உரிமம் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. தெருநாய்க்கு விலங்கு நல அமைப்புகளும் உள்ளாட்சியும் பொறுப்பு. பொதுப்பணம் அந்தக் கோட்டின் தெருநாய்ப் பக்கம் மட்டும் பாய்கிறது. ஒன்றிய அரசின் திருத்தப்பட்ட மானியம்கூடத் தெருநாய் ஒன்றுக்கு 800 ரூபாய், பூனைக்கு 600 ரூபாய் என்றுதான் கணக்கிடப்படுகிறது. வீட்டு நாய்க்கு என்று எதுவும் இல்லை.

காகிதத்தில் தெளிவாக நிற்கும் இந்தக் கோடு தெருவில் அழிந்துவிடுகிறது. மூன்று வீட்டில் சோறு தின்று, நான்காவது வீட்டுத் திண்ணையில் உறங்கும் நாய் யாருடையது? குடிசைப் பகுதியில் ‘எங்க நாய்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடப்படும் நாய்க்குக் கழுத்துப்பட்டையும் இல்லை, உரிமமும் இல்லை. நாய் பிடிக்கும் வண்டி வந்தால் அதை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள், பாசத்தால். வண்டி போனபின் அது குட்டி போடும். வீட்டு நாயின் குட்டி தெருவுக்கு வந்த மறுநாள் முதல் அரசின் செலவு. தாய்க்கு மறுக்கப்பட்ட மானியம் குட்டிகள் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட வேண்டியிருக்கிறது. அமெரிக்க அனுபவத்தோடு ஒப்பிட்டால் இந்தியத் திட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் தெரிகிறது.

பணம் ஒழுங்காகவும் தொடர்ந்தும் செல்கிறதா என்பது அடுத்தது. 2024-இல் சென்னை மாநகராட்சி நடத்திய கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 1.81 லட்சம், கருத்தடை ஆனவை 27 சதவீதம். 2018-இன் கணக்கு 57,000-ஐ ஒட்டியது. மூன்று மடங்கு பெருகிவிட்டன என்று இதை வைத்துச் சொல்லத் தயங்க வேண்டும், எண்ணும் முறை மாறினால் எண்ணும் மாறும். ஆனால் 27 என்ற விகிதத்துக்குச் சாக்கு இல்லை. பெங்களூரில் 2019-இல் 3.10 லட்சமாக இருந்தது 2023-இல் 2.79 லட்சமாகக் குறைந்ததாகவும், கருத்தடை விகிதம் 71.85 சதவீதம் என்றும் அந்நகரின் கணக்கெடுப்பு காட்டியது. இரண்டும் தென்னிந்தியப் பெருநகரங்கள், இரண்டுக்கும் ஒரே விதிகள்.

கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் ஆயிரக்கணக்கில் அறுவைகளை ஏற்பாடு செய்துவந்தன. விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்ற காரணத்தால் 2021-இல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. தரத்தைக் காக்க வந்த நிபந்தனை, மாற்று ஏற்பாடு இல்லாத இடத்தில் வேலையையே நிறுத்திவிட்டது. துருக்கியும் 2004-இல் இதே பாணிச் சட்டம் இயற்றிப் பொறுப்பை நகராட்சிகளிடம் விட்டது. போதிய காப்பகமோ மருந்தகமோ இல்லாத நகராட்சிகள் பலவற்றில் வேலை நடக்கவேயில்லை. இருபது ஆண்டுக்குப் பின், தெருநாய்கள் சுமார் நாற்பது லட்சம் என்ற அரசு மதிப்பீட்டோடு, 2024-இல் அவற்றைக் காப்பகத்தில் அடைக்கும் புதிய சட்டம் வந்தது.

பூட்டான் வேறு முனையில் நிற்கிறது. 2009-இல் தொடங்கி, 2021-க்குப் பின் முழு வீச்சில் அரசு இயந்திரம் மொத்தமும் இறங்கி, 1.5 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்து, 2023 அக்டோபரில் தெருநாய்கள் அனைத்துக்கும் முடிந்ததாக அறிவித்தது. அங்கே வீட்டு நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்துவதும் அதே திட்டத்தின் பகுதி. கோட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே கணக்கில் வைத்தார்கள். எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டின் அனுபவம் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான்.

வெறிநோய்க்குத் தனிக் கணக்கு

இந்தியாவில் கருத்தடைக்கு நிதி கேட்கும்போதெல்லாம் வெறிநோயே காரணமாகச் சொல்லப்படுகிறது. கோவாவின் அனுபவம் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. அங்கே 2013-இல் தொடங்கிய ‘மிஷன் ரேபிஸ்’ இயக்கம் ஆண்டுதோறும் பெருமளவில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டே மனித இறப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. 2021-இல் கோவா வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஊசி மலிவு, விரைவு, மயக்க மருந்து வேண்டாம். வெறிநோயை மட்டும் ஒழிப்பது நோக்கமென்றால் முதல் ரூபாய் ஊசிக்குப் போவதே சரி.

அதனால் கருத்தடைக்கான நியாயம் குறைந்துவிடவில்லை. குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தால் ஊசி போட வேண்டிய புதிய நாய்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். கடி, விபத்து, குட்டிகளின் சாவு எதையும் ஊசி தீர்க்காது. ஆனால் இரண்டு வேலைகளுக்கும் இரண்டு அளவுகோல் வேண்டும். ஒன்றின் வெற்றியைக் காட்டி மற்றதற்குப் பணம் கேட்பது நெடுநாள் நிலைக்காது.

தீராத கேள்விகள்

2025-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினையில் அடுத்தடுத்து ஆணையிட்டது. ஆகஸ்ட் 11-இல் டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பவற்றைத் திரும்ப விடக்கூடாது என்றது. காப்பகத்தில் ஆயுள் முழுவதும் வைத்துச் சோறு போடும் செலவுக்கும் ஒருமுறை அறுவைக்கு ஆகும் செலவுக்கும் உள்ள வேறுபாடு இனி நகராட்சி வரவுசெலவுத் திட்டங்களில் எண்ணாகவே வந்து நிற்கும்.

இதுவரை சேர்ந்த சான்றுகளை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். கொல்வது எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. மானியம் ஏழை வீட்டைச் சென்றடைந்த இடங்களில் பலன் தெரிந்தது. விட்டுவிட்டுச் செய்த இடங்களில் செலவு வீணாகியது. சொல்ல முடியாதவையும் உண்டு. நகர மானியத்தின் தனிப் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பிரிக்கப்படவில்லை. எந்த விகிதத்தைத் தாண்டினால் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும் என்பதற்கு 70 சதவீதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண் அது. கருத்தடைக்கு அது ஊரின் உணவு, குப்பை, வெளியிலிருந்து வந்துசேரும் குட்டிகள் ஆகியவற்றைப் பொறுத்து மாறக்கூடும். பூனைகளைப் பற்றி இந்தியாவில் யாரும் இன்னும் ஊன்றி எண்ணத் தொடங்கவில்லை.

தமிழ்நாட்டில் அரசுக் கால்நடை மருந்தகங்கள் கிராமம் வரை பரவியிருக்கின்றன. வேப்பேரியில் 1903-இலிருந்து இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நாய் பூனைகளோடு நாள்தோறும் கூட்டம் வருகிறது. நியூ ஹாம்ப்ஷயர் தனியார் மருத்துவர்களை நாட வேண்டியிருந்தது. இங்கே அரசு மருத்துவர்களே இருக்கிறார்கள். மாட்டையும் ஆட்டையும் கவனிக்கவே நேரம் போதாத மருந்தகத்தில் நாய்க்கு அறுவை மேசையும் மயக்க மருந்தும் பயிற்சியும் யார் தருவது என்பதுதான் சிக்கல்.

2025 இறுதியில் சென்னை மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் வற்புறுத்தத் தொடங்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்து, முகாம்கள் நடத்தி, இலவசமாகவே சிப் பொருத்திக் கொடுத்தது. விடுமுறை நாள்களில் அந்த முகாம்களில் நாயைப் பிடித்துக்கொண்டு நீண்ட வரிசையில் மக்கள் நின்றார்கள். வீட்டு நாய்களின் முதல் முழுப் பட்டியல் இதிலிருந்து உருவாகக்கூடும். அந்தப் பட்டியலில் பெட்டையா ஆணா, கருத்தடை ஆயிற்றா, இதுவரை எத்தனை ஈற்று, குட்டிகள் எங்கே போயின என்ற நான்கு கேள்விகளைச் சேர்த்தால், தெருவில் திரியும் நாய்களில் எத்தனை வீட்டில் பிறந்தவை என்ற கேள்விக்குச் சில ஆண்டுகளில் விடை வரும். நியூ ஜெர்சி 1983-இல் செய்ததுபோலக் கருத்தடை ஆகாத நாய்க்குக் கூடுதல் கட்டணம், அந்தப் பணத்தில் கட்ட முடியாதவரின் நாய்க்கு அறுவை என்ற ஏற்பாட்டை முயன்று பார்ப்பதற்கும் அதே பட்டியல்தான் வேண்டும். முகாமுக்கு வராத தெருக்களின் நாய்களை அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்று மாநகராட்சி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.